வயரிங் செய்தவரே முதலில் இறங்கவும்

உள்ளரங்க நீச்சல் குளத்தின் சுவரில், பெயின்ட் வாசனை இன்னும் போகாத போர்டு ஒன்று தொங்கியது: "வயரிங் செய்தவரே முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும்."

டெஸ்டர் அதை மூன்று தடவை படித்தார். கல்யாண போட்டோவில்கூடச் சட்டைப் பையில் டெஸ்டரோடு நிற்கும் எலெக்ட்ரீஷியன் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கரண்டோடு நாற்பது வருஷம் மல்லுக்கட்டியவருக்குத் தண்ணீரைக் கண்டால் மட்டும் சப்தநாடியும் ஒடுங்கிவிடும். முட்டிவலிக்கு நீச்சல் பழகச் சொன்ன டாக்டரின் தெருப்பக்கமே மூன்று வருஷமாக அவர் போவதில்லை.

"நீங்க இறங்கலைன்னா, வேலையில ஏதோ கோளாறுன்னு பேச்சு கிளம்பிடும் சார்," என்றார் மேனேஜர்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி குறுக்கே புகுந்தாள். "உங்க வயரிங் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையாங்க?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இறங்குவேன்! ஆனா, தண்ணிக்கு நேர் மேல விளக்கு இருக்கே. பல்பு மாத்தறவன் ஏணியோட உள்ள விழுந்தா?"

மேலே இருந்த எல்லா விளக்குகளையும் பக்கச் சுவருக்கு மாற்றினார். இரண்டு நாள் ஓடியது. ஆனால் தண்ணீர் மேல் கண்ணைக் கூசவைத்த வெளிச்சம் போய், அதுவரை தெரியாத அடித்தரை பளிச்சென்று தெரிந்தது. பாதாளமே தெரிவதுபோல் இருந்தது அவருக்கு.

"இப்ப இறங்கலாமே?" என்றார் மேனேஜர்.

"ஆனா, தண்ணிக்குள்ள இருக்கற விளக்கு பன்னெண்டு வோல்ட்லதான் எரியணும். டிரான்ஸ்ஃபார்மர் ஈரம் படாத தனி ரூம்ல இருக்கணும்!"

அதையும் செய்தார். குளத்துச் சுவரில் எழுதியிருந்த "ஆழம் ஆறடி" இப்போது அறுபதடிபோல் ஜொலித்தது.

"கரண்ட் துளி கசிஞ்சாலும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கட்டாகணும்!" என்று கடைசி அஸ்திரத்தை விட்டார். அந்தக் கருவியையும் தன் கையாலேயே மாட்டித் தொலைத்தார்.

எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வந்து, மீட்டர் வைத்து மூலைமுடுக்கெல்லாம் சோதித்தார். "என் சர்வீஸ்லயே இவ்வளவு பத்திரமான குளத்தைப் பார்த்ததில்ல!" என்று கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கிவிட்டும் போனார்.

பாவி மனுஷன், ஒரு குறைகூடச் சொல்லவில்லையே!

நீச்சல் பழக வந்து, தொப்பி மாட்டிய பன்னிரண்டு பெண்கள் கரையில் காத்து நின்றார்கள். மனைவி பையிலிருந்து புத்தம்புது நீச்சல் டவுசர் ஒன்றை எடுத்து நீட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆழமில்லாத பக்கம் காலை வைத்தார்.

"ஐயோ, ஷாக்கு!"

"அது குளிர் சார்!"

ஒரு கண்ணைத் திறந்தார். இடுப்பளவு தண்ணீர். நீல வெளிச்சம். முட்டியில் வலியைக் காணோம்! ஐந்தே நிமிஷத்தில், எருமை தோற்றுவிடும் சுகத்தோடு கைப்பிடியைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கும் வருவேன்!" என்று கூவினார்.

தரை துடைக்கும் அம்மா, ஸ்டூல் மேல் ஏறி நின்று அவர் மனைவியைக் கூப்பிட்டாள்: "அக்கா, ஐயாதான் இறங்கிட்டாரே, உங்க போர்டைக் கழட்டித் தரட்டுமா?"