எண் மட்டும் சொல்பவர்

எண்ணுக்குப் பின்னால் அலகு எழுதுவதைத் தன் புத்திக்கு நேர்ந்த அவமானமாகக் கருதும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. கணினி நிரல் எழுதும் எந்த அலுவலகத்திலும் ஒருவராவது இருப்பார். எங்களுக்கு ஸ்வெர்க்கர் வாய்த்திருக்கிறார்.

வெப்பம் 20 என்று எழுதுவார். எடை 70. தூரம் 3. மூன்று என்ன? மீட்டரா, கிலோமீட்டரா, முழமா? கேட்டுவிட்டால் போச்சு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காபிக் கோப்பையைக் கீழே வைத்து, கடித்த இலவங்கப்பட்டை பன்னை நிதானமாக மென்று விழுங்கி, "அது எல்லாருக்கும் தெரியுமே" என்பார். கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதுதான். எதிர் மேசை குன்வோர் மட்டும் ஒருமுறை குனியாமல் நின்றாள்.

"எல்லாருன்னா யாரு ஸ்வெர்க்கர், நீயும் உன் பன்னுமா?"

நாங்கள் மின்சார பஸ்களுக்கு நிரல் எழுதுகிறவர்கள். பேட்டரியில் மிச்சமிருப்பதை வைத்து இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்கிடுவது ஸ்வெர்க்கரின் பகுதி. அந்த எண்ணை வாங்கி பஸ்ஸை ஓடவோ ஊரவோ விடுவது குன்வோரின் பகுதி. ஸ்வீடன்காரன் எவனும் வாய் திறந்தால் தூரத்தை மீலில்தான் சொல்வான். ஒரு மீல் பத்து கிலோமீட்டர். ஸ்வெர்க்கரும் மீலில்தான் கணக்கிட்டார். அதை எழுதத்தான் இல்லை. எழுத்தில் வந்தால் கிலோமீட்டர்தானே என்று குன்வோர் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் புது பஸ்ஸின் முதல் ஓட்டம், ஸ்வெர்க்கரின் மகள் ஹில்லேவியின் கல்யாணத்துக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போவது. கோடைச் சனிக்கிழமைகளில் ஏரிக்கரை தேவாலயத்தில் ஜோடிகள் வரிசை கட்டி நிற்பார்கள். முறை தவறினால் தவறியதுதான். தேவாலயத்துக்கு இரண்டு மீல் இருக்கையில், மூன்று மீல் ஓடும் தெம்பிருந்த பஸ், மூன்று கிலோமீட்டர்தான் மிச்சம் என்று நம்பி, சிக்கனத்தின் திருவுருவமாகி ஊரத் தொடங்கியது. சைக்கிளில் போன ஒரு கிழவர் எங்களை முந்திக்கொண்டு கையசைத்தார். எங்களோடு வந்த மாப்பிள்ளை வீட்டார் சிலர் இறங்கி, காட்டில் புளூபெர்ரி பறித்து, சாவகாசமாக நடந்து வந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

ஹில்லேவி போனில் அழைத்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டுதாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார் ஸ்வெர்க்கர்.

பாவம், அவள் இரண்டு நிமிடம் என்று நினைத்தாள். அப்பா வராமல் கல்யாணமா என்று பாதிரியாரிடம் மன்றாடி நிறுத்திவைத்தாள். முறை போயிற்று. ஊர்ந்த பஸ்ஸுக்குக் கயிறு கட்டிய ஒரு டிராக்டர்காரர் புண்ணியத்தில் நாங்கள் இழுபட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அடுத்த ஜோடி கல்யாணம் முடிந்து கைகோத்து வெளியே வந்துகொண்டிருந்தது. இவள் காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு என்னப்பா?"

"மீல்தான். அது எல்லாருக்கும்..." என்றவரின் காலை குன்வோர் மிதித்தாள்.

பாதிரியார் இரக்கப்பட்டு அன்றைய கடைசிக் கல்யாணமாக நடத்திவைத்தார். கூடாரம் போட்டு நடந்த விருந்தில் அப்பா பேச வேண்டிய முறை. எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று விருந்தை நடத்தியவர் கேட்டார். ஸ்வெர்க்கர் எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அஞ்சு" என்றார்.

"அஞ்சு என்ன?" என்று கூடாரமே ஒரே குரலில் கேட்டது. மணப்பெண்ணின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அரிசி எவ்வளவு வைக்கட்டும் என்று சமையலறையிலிருந்து வந்த கேள்விக்கு, கைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் "ரெண்டு" என்று பதில் சொன்னது யார்?