தண்ணீரில் விழுந்தவர் வவுனியாவில் இருக்கிறார்

பென்டில் ஹில்,
ஞாயிறு.

இல்லை. நான் விழவில்லை. விழுந்தது நீங்கள்.

அன்புள்ள சுகிர்தனுக்கு,

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நான் நலம். உங்கள் நலமும், உங்கள் பௌதிக வகுப்புப் பிள்ளைகளின் நலமும், வகுப்பு வாசலில் படுக்கும் நாயின் நலமும் அறிய ஆவல். மரியாதை முடிந்தது.

நேற்று சுபாங்கனின் போனுக்கு நீங்கள் அனுப்பிய கேள்வியை, "அவ விழுந்திட்டாவோ?" என்பதை, ரஞ்சினி சின்னம்மா காருக்குள் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். பதிலையும் அவரே சொல்லி மகனைக் கொண்டு அனுப்புவித்தார்: "ஆள் பத்திரம். போன்தான் போயிட்டுது."

அதனால்தான் கடிதம். இந்த வீட்டில் யாருடைய போனில் பேசினாலும் அது ஸ்பீக்கரில்தான் இருக்கும். மின்னஞ்சல் எழுதலாம். எழுதினால் உடனே பதில் போடுவீர்கள். உடனே வரும் பதிலுக்குப் பயமாக இருக்கிறது. கடிதம் மெதுவாகப் போகும். பதில் மெதுவாக வரும். அதுவரை நீங்கள் வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

உங்கள் விசா வந்த பிறகு மார்கழி முழுவதும் போய்விட்டது. நீங்கள் இன்னும் டிக்கெட் போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

சரி. நேற்று.

பனிச்சறுக்கு விடுதிக்குப் போகிறோம் என்று சுபாங்கன் சொன்னதும் சின்னம்மா கம்பளித் தொப்பிகளை எடுத்து வைத்துவிட்டார். இது வெயில் காலம், அங்கே இப்போது சைக்கிளும் படகும்தான் என்று அவன் சொல்லிப் பார்த்தான். அவன் கணினிக்காரன், மலைச் சைக்கிளைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லாதவன். அவன் சொல்லை யார் கேட்பது? இருட்டோடு புறப்பட்டுப் போனோம். புல் இருந்தது. புல்லும், முகத்தில் மொய்க்கும் இலையானும். பனிக்காலத்தில் ஆட்களை மேலே ஏற்றும் கம்பிக் கதிரைகளில் சைக்கிள்கள் தொங்கிக்கொண்டு போயின.

"பனி எங்கயடா?"

"அம்மா, இட்ஸ் ஜனுவரி."

"பனிக்கும் ஸ்கூல் ஹொலிடே," என்றார் ஈஸ்வரமூர்த்தி சித்தப்பா.

சின்னம்மா தொப்பியைக் கழற்றவில்லை. கொண்டு வந்ததைப் போட வேண்டும்.

கதிரை இருவருக்கானது. சின்னம்மாவும் சித்தப்பாவும் ஒன்றில். சுபாங்கனும் அவனுடைய பையும் ஒன்றில். என் பக்கத்தில் காற்று.

மேலே, சைக்கிள் பழக்கிய பெண் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். மரத்தைப் பார்க்காதே, பாதையைப் பார். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். நான் மரத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் மாட்டியிருந்த போன் மின்னியது. உங்கள் பெயர். டிக்கெட் போட்ட செய்தியோ என்று பார்த்தேன். ரோசாப்பூவோடு "காலை வணக்கம்". சைக்கிள் பற்றைக்குள் போய் நின்றது.

"மிருணாக்கா, யூ ஓகே?"

"ஓம். பூ வந்தது."

அவனுக்கு விளங்கவில்லை.

பின்னேரம் ஏரி. ஒற்றை ஆள் கயாக் படகுகள் எல்லாவற்றையும் வேறு ஆட்கள் எடுத்துவிட்டார்கள், இருவர் படகுதான் மிச்சம் என்றார்கள், சுபாங்கன் சைக்கிளை விட்டு வரமாட்டேன் என்று மலையிலேயே நின்றுவிட்டான், முன் சீட்டில் பாரம் இல்லாவிட்டால் படகின் மூக்கு நிமிர்ந்துகொள்ளும் என்று சித்தப்பா கண்டுபிடித்தார், உடனே சின்னம்மா றோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும் நிரப்பிய எஸ்கியை, அந்த நீலக் குளிர்ப்பெட்டியைத் தூக்கி என் முன் சீட்டில் வைத்தார், வைத்தவர் யோசித்தார், யோசித்துவிட்டு மிச்சமாய்க் கிடந்த லைஃப் ஜாக்கெட் ஒன்றை அதற்குப் போட்டுப் பட்டியும் இறுக்கினார், "கவிண்டாலும் றோல்ஸ் மிதக்கும்" என்றார், அந்த நேரம் பார்த்து உங்கள் வீடியோ அழைப்பு வந்தது, இரண்டு கையாலும் துடுப்புப் போட வேண்டியிருந்ததால் போனை நீர் புகாத உறையில் போட்டு எஸ்கியின் மேல், என்னைப் பார்க்க, சாய்த்து வைத்தேன்.

அப்படித்தான் நீங்கள் என் முன் சீட்டில் வந்து இருந்தீர்கள். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே. கையில் சுண்ணக்கட்டி.

கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பக்கத்தில் சின்னம்மாவும் சித்தப்பாவும் ஒரே படகில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, வலப்பக்கம் போடுங்கோ!"

"வலப்பக்கம்தான் போடுறன்."

"அப்ப ஏன் சுத்துது?"

"நீரும் துடுப்பை வலப்பக்கம் போட்டாச் சுத்தாம என்ன செய்யும்?"

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது. "இஞ்ச எல்லாருக்கும் நான் சுகிர்தன் சேர். அங்க வந்து நான் ஆர், மிருணா?" என்று கேட்டீர்கள்.

நான் வாயைத் திறந்தேன். அவர்களுடைய படகு சுற்றிவந்து என் படகில் இடித்தது. எஸ்கி அசையவில்லை. நீங்கள் சரிந்தீர்கள். நான் பதில் சொன்னபோது நீங்கள் பச்சைத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தீர்கள், வாய் அசைந்தபடி.

றோல்ஸுக்கு லைஃப் ஜாக்கெட் இருந்தது. உங்களுக்கு இல்லை.

"ஐயோ, மருமகன் விழுந்திட்டார்!" என்றார் சின்னம்மா. அதோடு நின்றிருக்கலாம். கரையைப் பார்த்து ஆங்கிலத்திலும் கத்தினார். "மை சன்-இன்-லோ! ஹி இஸ் இன் த வோட்டர்!"

விசில் ஊதியது. எல்லாப் படகுகளையும் கரைக்கு அழைத்தார்கள். மீட்புப் படகு சீறிக்கொண்டு வந்தது. அதில் மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிய ஒருவர். எங்கே விழுந்தார், நீந்தத் தெரியுமா, என்ன நிறச் சட்டை என்று கேட்டார். சின்னம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கட்டம் போட்ட சட்டை. நீந்தமாட்டார். நல்ல பிள்ளை. களிம்புக்காரர் தண்ணீரில் குதிக்கச் சப்பாத்தைக் கழற்றினார்.

நான்தான் நிறுத்தினேன். விழுந்தது போன் என்றேன். என் கணவர் போனுக்குள் இருந்தார் என்றேன்.

"அப்படியானால் அவர் இப்போது எங்கே?"

"வவுனியாவில்."

அவர் ஏரியை ஒரு சுற்றுப் பார்த்தார். "அது எந்தப் பக்கம்?"

நான் கையைக் காட்டினேன். எந்தத் திசை என்று தெரியாமலே. சித்தப்பா என் கையைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டார். வடமேற்கு.

களிம்புக்காரர் கோபப்படவில்லை. சப்பாத்தை மறுபடி கட்டிக்கொண்டே கேட்டார். "எப்போது வருகிறார்?"

சின்னம்மா எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவர். இதற்கு மட்டும் என்னைப் பார்த்தார்.

நான் எஸ்கியைத் திறந்து அவருக்கு ஒரு றோல் கொடுத்தேன்.

நீங்கள் தண்ணீருக்குள் போகும்போது நான் சொன்ன பதில் உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். "உங்கட விருப்பம்" என்று சொன்னேன். அதுதான் பதில். எனக்காக எதையும் முடிவு செய்ய வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பரமட்டாவில் வேலை இருக்கிறது. ரயிலில் ஜன்னலோரம் கிடைக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டும். நீங்கள் அங்கே இருப்பது அவர்களுக்கு நல்லது.

சின்னம்மா ஆசிகளும் சித்தப்பா திசைகளும் தரச் சொன்னார்கள். சுபாங்கன் "ஹாய்" சொன்னான். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். நாயையும்.

அன்புடன்,
மிருணாளினி

பி.கு. "அதுதான் பதில்" என்பதிலிருந்து "நல்லது" என்பது வரை அடித்துவிடுங்கள். ஒரு சொல்லும் உண்மையில்லை. ஜன்னலோரமும் கிடைப்பதில்லை.

அவர்கள் இருவரும் ஏரிக்கு நடுவில் சண்டை பிடித்துக்கொண்டு சுற்றினார்களே. எனக்கு அந்தச் சுற்று வேண்டும். நீங்கள் பின்னால் இருந்து பிழையாகத் துடுப்புப் போடுங்கள். நானும் அதே பக்கம் போடுகிறேன்.

இங்கே வந்து யார் என்று கேட்டீர்கள். நேற்றுப் பின்னேரம் அந்த ஏரிக்கரையில் உங்களைத் தெரியாத ஆள் இல்லை. சின்னம்மா கத்தின கத்தலில் அவ்வளவு பேரும் கண்ணுக்கு மேல் கை வைத்து உங்களைத் தேடினார்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்த என் கணவர். அதிலிருந்து தொடங்கலாம். சேர் பிறகு ஆகலாம்.

வாருங்கள்.

பி.கு. 2. கடிதம் மெதுவாகப் போகும் என்று எழுதினேன். அதையும் அடித்துவிடுங்கள். சுபாங்கன் தன் பழைய போனைத் தந்திருக்கிறான். பக்கங்களை மேசையில் விரித்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இது கடைசிப் பக்கம்.

எஸ்கியைக் கழுவித் துடைத்தேன். போனை அதன் மேல், என்னைப் பார்க்க, சாய்த்து வைத்தேன்.