நெற்றிக்காசும் நாடாளுமன்றமும்

ஆக்லாந்தில் முன்பின் தெரியாதவரிடம்கூட எதை வேண்டுமானாலும் கேட்கலாம். குடை கேட்டால் கொடுப்பார்கள், வழி கேட்டால் கூடவே நடந்து வருவார்கள். சில்லறை மட்டும் கேட்கக் கூடாது. யாரிடமும் இருக்காது. பால் வாங்கினாலும் கார்டு, பஸ் ஏறினாலும் கார்டு. கோயில் உண்டியலுக்குப் பக்கத்திலேயே கார்டைத் தட்டும் கருவி வந்துவிட்டது. (சாமி இன்னும் பின் நம்பர் கேட்க ஆரம்பிக்கவில்லை.) அப்படிப்பட்ட ஊரில், புதிதாக நினைவு நாணயங்கள் வெளியிட ஒரு சட்டம் வரப்போகிறது என்று என் கணவர் செந்தில் ரயிலிலிருந்து போன் பண்ணிச் சொன்னார். "காசே இல்லாத ஊர்ல காசுக்கு ஒரு சட்டமா? சரி, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் கொத்தமல்லியை மறந்துவிட்டார். சட்டத்தை மறக்கவில்லை.

விஷயம் இதுதான். கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த மக்களை நினைவுகூர, வரிசையாகச் சில நாணயங்கள் வெளியிட வேண்டும் என்று ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவந்திருந்தார். நாணயத்தில் என்ன படம் போடலாம் என்று பொதுமக்கள் எழுதி அனுப்பலாம். விரும்பினால் நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் வந்தும் பேசலாம். "ஒருதரம் அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க" என்று அலுவலகத்தில் எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரே வைத்தியம் சொல்லிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த என் கணவருக்கு, நாடாளுமன்றமே தன்னை வீடு தேடி வந்து யோசனை கேட்டதாகத் தோன்றிவிட்டது.

என்ன படம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இந்த நாட்டின் வடக்கே, ஒரு காலத்தில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு அவிக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலப் பாத்திரம் கிடைத்தது. பார்த்தால் அது பாத்திரம் இல்லை, கப்பல் மணி. அதில் பழைய தமிழ் எழுத்து பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எப்படி இங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"யாரு கொண்டு வந்தா, எதுக்கு வந்துச்சு, ஒண்ணும் தெரியாது. ஆனா வந்துருச்சு. வந்த இடத்துல நாலு பேருக்குச் சமைக்க உதவியிருக்கு. நம்மளைப் பத்தி இதைவிட என்ன சொல்லணும்?" என்பார்.

அழகாகத்தான் சொல்வார். அதையே காலையில் பல் துலக்கும்போதும் ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் சொன்னால் அழகு கொஞ்சம் குறைந்துவிடும். எங்கள் மகள் தாரிணி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "டாட், நாட் த பெல் அகைன்" என்று காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொள்வாள்.

குழுவின் முன் வெறும் வாயால் பேசினால் எடுபடாது, கையில் காட்ட ஒரு மாதிரி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எங்கள் குடும்ப நண்பர் பாலா அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஊரிலேயே மவுண்ட் வெலிங்டன் என்ற பகுதியில் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்ப்பவர். அவர் பித்தளையில், இரண்டு டாலர் காசு அளவில், ஒன்று செதுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் விளிம்பு உடைந்த மணியும் அதன் எழுத்தும். அரசரின் தலை இருக்க வேண்டிய மறுபக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. "அரசற்ற மூக்கு சரியா வரேல்லை. விட்டிட்டன்" என்றார் பாலா அண்ணன்.

அதை வைக்க ஒரு டப்பா வேண்டுமே. என் கல்யாணத் தோடு இருந்த சிவப்பு வெல்வெட் டப்பா காணாமல் போனது. தோடு எங்கே என்று கேட்டேன். "பத்திரமா டம்ளர்ல போட்டிருக்கேன்" என்றார்.

அந்த டப்பா அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்கவே இல்லை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் திறந்து காட்டுவார். தெருமூலையில் டெய்ரி, அதாவது இந்த ஊர்ப் பெட்டிக்கடை, நடத்துபவரிடம் காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில், வெண்டைக்காய் விற்கும் பெண்மணியிடம் காட்டிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று அங்கிருந்த காய்கறிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் அவருடைய கைக்கடிகாரத்தையும் போனையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். குழுவின் முன் அவர் பேச வேண்டிய நாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

இனி சொல்லப்போவதுதான் என் மானம் போன கதை. அது சவ அடக்க மண்டபத்தில் ஆரம்பிக்கிறது.

என் சித்தி மதுரையில் இருக்கிறார். சடங்கு முறையெல்லாம் தெரிந்தவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். அதனால் போனிலேயே வந்து எல்லாவற்றையும் நடத்தினார். தாரிணி போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். குளிப்பாட்டியாச்சு, வேட்டி கட்டியாச்சு, வாய்க்கரிசி போட்டாச்சு. திடீரென்று போனிலிருந்து சித்தி கத்தினார்.

"ஏண்டி, நெத்தியில காசு எங்க? நெத்திக்காசு இல்லாம அனுப்பப் போறீங்களா?"

எங்கள் ஊரில் இறந்தவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு காசை ஒட்டுவது வழக்கம். மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கணக்காளர்கள், நர்சுகள், மென்பொருள்காரர்கள், வீட்டுக் கடன் வாங்கித் தருபவர்கள். அத்தனை பேரும் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார்கள், கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒருவரிடமும் ஒரு காசு இல்லை. பதற்றத்தில் ஒருவர் கார்டை எடுத்து நீட்டியேவிட்டார். (ஒட்டியிருந்தால் அங்கே தட்டிக்கொண்டு உள்ளே விட்டிருப்பார்களோ என்னவோ.) அடுத்த குடும்பம் வாசலில் காத்திருப்பதாக மண்டபத்து ஊழியர் மெதுவாக வந்து சொன்னார்.

நான் டப்பாவைத் திறந்து அவர் காசைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அதை ஒட்டுவதற்காக இல்லை. அவர் கடைசியாகத் தொட்டது அது, அவ்வளவுதான். அதைத்தான் குழுவின் முன் காட்ட வேண்டும், அது என் கையை விட்டுப் போகக் கூடாது என்ற நினைவு அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது.

அப்போது காரில் தேடப் போன பாலா அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "தங்கச்சி, காசில்லை. இதுதான் கிடந்தது. கடையில ட்ரொலிக்குப் போடுற வில்லை" என்று என் மறுகையில் ஒன்றை வைத்தார்.

ட்ராலியைச் சங்கிலியிலிருந்து கழற்ற இரண்டு டாலருக்குப் பதிலாகப் போடுவோமே, அந்த மஞ்சள் உலோக வில்லை. ஒரு பக்கம் ட்ராலி படம். மறுபக்கம், வீடு வீடாக இந்த வில்லைகளை இலவசமாகப் போட்டுப் போகும் வீட்டுத் தரகர் ஒருவரின் முகம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. செந்திலுக்கு உலகத்தில் ஆகாதவர்கள் என்றால் வீட்டுத் தரகர்கள்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு பார்க்கப் போய், ஏலத்தில் தோற்று, ஏவன்டேல் வாடகை வீட்டுக்கே திரும்பி வந்து அவர்களைத் திட்டுவார்.

"சித்தி, இது காசு இல்ல, ட்ராலிக்குப் போடறது" என்றேன்.

"வட்டமா இருக்குல்ல? வையிடி!"

வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து, கண்ணீரில் ஒன்றும் தெரியாமல், ஒரு கையில் இருந்ததை நெற்றியில் வைத்து அழுத்தி, மேலேயும் சந்தனம் பூசினேன். இன்னொரு கையில் இருந்ததை டப்பாவில் போட்டு மூடினேன். பெட்டியையும் மூடினார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. துக்கத்தில் தூங்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தத் தரகர் என் கணவர் நெற்றியிலிருந்து பல்லைக் காட்டினார். வீடு வாங்க முடியாமல் போன மனுஷனை, போகிற இடத்திலும் வீட்டு விளம்பரத்தோடு அனுப்பிவிட்டேனே என்று மனது அரித்தது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் நான் உடைந்துவிடுவேன். அதனால் சொல்லவில்லை. டப்பாவைத் திறக்கவும் தைரியம் வரவில்லை.

குழுவில் பேச வேண்டிய நாளை நினைவூட்டி அவர் பெயருக்கு மின்னஞ்சல் வந்தது. வரமாட்டார் என்று பதில் போடப் போனேன். பாலா அண்ணன் விடவில்லை. "நீங்கள் போய்க் கதையுங்கோ தங்கச்சி. அவன் கதைக்க இருந்ததுதானே" என்றார். சரி, நெற்றிக்காசைத்தான் கெடுத்தேன், இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று புறப்பட்டேன்.

நகரத்தில் ஒரு விடுதியின் கூட்ட அறை. எதிரே வரிசையாக உறுப்பினர்கள், நடுவில் தலைவி அம்மையார், எனக்குப் பின்னால் தாரிணியும் பாலா அண்ணனும். டப்பாவைத் திறந்து, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்படியே அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன். செந்தில் எழுதி வைத்திருந்ததை ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்ல ஆரம்பித்தேன்.

"உங்கள் கையில் இருப்பது இந்த நாட்டுக்கும் எங்களுக்கும் உள்ள பழைய உறவின் சின்னம். அதன் வடிவத்தைப் பாருங்கள். அதில் சமைத்திருக்கிறார்கள். விளிம்பு உடைந்திருப்பதைக் கவனியுங்கள்."

அவர்கள் கவனித்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கவனித்தார். பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார், அவர் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. (இந்த நாட்டில் இதுதான் ஆபத்து. மரியாதைக்காக எதையும் பொறுத்துக்கொள்வார்கள்.) கடைசியில் கண்ணாடிக்காரர் மிகுந்த அக்கறையோடு கேட்டார். "இந்தச் சக்கர வண்டி, புலம்பெயர்ந்து வந்தவர்களின் பயணத்தைக் குறிக்கிறதா?"

எனக்குப் புரியவில்லை. தலைவி அம்மையார் இன்னும் மென்மையாக, "அரசரின் தலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாரே, இவர் உங்கள் சமூகத் தலைவரா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் விரல்களுக்கு நடுவில் அந்தத் தரகர், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

யோசித்துப் பேசியிருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "இவர் என் கணவரோட நெற்றியில் இருக்க வேண்டியவர்!" என்று கத்திவிட்டேன். அதுவும் நல்ல தெளிவான ஆங்கிலத்தில். அதை ஒலிப்பதிவு வேறு செய்துகொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து பாலா அண்ணன் எழுந்து நின்றார். நாடாளுமன்றக் குழு என்றெல்லாம் பார்க்காமல் தமிழிலேயே கேட்டார்.

"தங்கச்சி, உதென்ன கதை? நீங்கள் அவன்ர நெத்தியில மணிக் காசைத்தானே வைச்சனீங்கள். நான் பக்கத்தில நிண்டு கண்டனான்."

"அண்ணா... பாத்தீங்களா? அப்பவே ஏன் சொல்லலை?"

"வேணுமெண்டுதான் வைச்சனீங்கள் எண்டு நினைச்சன். அவன்ர காசு அவனோடயே போகட்டும் எண்டு வைக்கிறியளாக்கும் எண்டு. அதைப் போய் என்னெண்டு தங்கச்சி கேக்கிறது?"

அவ்வளவுதான். மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் போன பிறகு அப்படி அழுதது அன்றுதான். தரகர் போகவில்லை, மணிதான் போயிருக்கிறது. அந்த நினைப்பில் நடுவே சிரிப்பும் வந்து, அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. தாரிணி ஓடி வந்து கட்டிக்கொண்டு, என்ன நடந்தது என்று அவர்களுக்கு விளக்கினாள். மகளாச்சே, விடுவாளா? நெற்றிக்காசு, ட்ராலி வில்லை, மதுரைச் சித்தி, மணி, உருளைக்கிழங்கு எல்லாம் சொன்னாள். அப்பாவின் மணிப் பேச்சை அவள் ஒரு வார்த்தை விடாமல் சொன்னபோதுதான், காதில் கருவியை மாட்டிக்கொண்டு அத்தனையையும் கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். தலைவி அம்மையார் வில்லையைத் தானே டப்பாவில் வைத்து, மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். "அடிப்பாவி, அந்தக் காசை எரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துறணுமே! எடுக்கலையா?" என்றார். (இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சார்ஜ் போய்விட்டதாம்.)

அந்த மசோதா சட்டமாகவில்லை. தேர்தல் வந்தது, ஆட்கள் மாறினார்கள், எங்கேயோ நின்றுவிட்டது. மணி போட்ட நாணயம் இந்த நாட்டில் வெளியானது ஒன்றே ஒன்றுதான் என்றும், அதை வாங்கியவர் திருப்பித் தரமாட்டார் என்றும் பாலா அண்ணன் எல்லா விசேஷ வீட்டிலும் சொல்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சில நாள் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். அப்போது யாராவது எனக்கு ஒரு டீயைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

தாரிணி இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடை வாசலில் ட்ராலிகளுக்கு முன்னால் நின்றதும், "அம்மா, அப்பா காயின் எடு" என்பாள். நான் கைப்பையிலிருந்து வெல்வெட் டப்பாவை எடுத்துத் திறப்பேன். தரகரின் முகம் தேய்ந்துவிட்டது, பல் மட்டும் பாக்கி. வாங்கிய சாமானைக் காரில் ஏற்றி, ட்ராலியைக் கொண்டுபோய்ச் சங்கிலியில் மாட்டினால் வில்லை வெளியே வந்து விழும். அதைத் துடைத்து டப்பாவில் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அந்த ஆளிடம் தமிழில் சொல்வேன்.

"நல்லவேளைய்யா, நீ போகலை."