எண்பது சாரும் இரண்டாவது மாடித் தண்ணீரும்

மனிதர்களைக் களைப்படைய வைப்பதற்கென்றே ஒருவரைப் படைத்து அனுப்பியிருந்தால், அவர் காரைக்கால் தலத்தெருவில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில்தான் குடியிருக்கிறார். அவர் படி ஏறினால் நமக்கு மூச்சு வாங்கும். அவர் பேசினால் நமக்குக் கால் வலிக்கும்.

அவருக்குப் பெயர் உண்டு. கதவில் பித்தளைத் தகட்டில் எழுதியே வைத்திருக்கிறார். ஆனால் தண்ணீர் கேன் போடுகிறவரிலிருந்து கேஸ் சிலிண்டர்காரர் வரைக்கும் அவர் ‘எண்பது சார்’தான். புதிதாக வருகிறவர்கள் வயதைச் சொல்கிறோம் என்று நினைத்து, “பாவங்க, இந்த வயசுல மாடி ஏறுறாரே” என்பார்கள். வயது அறுபத்திரண்டுதான். எண்பது என்பது அவருடைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பேட்டரிக் கணக்கு.

“எண்பது பர்சன்ட்ல நிறுத்திடணும் தம்பி. இருபது வந்தா மாட்டிடணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல வாழ்ந்தா பேட்டரிக்கு ஆயுசு கெட்டி.”

அதைப் பேட்டரியோடு விட்டிருந்தால் நாமும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். கல்யாணப் பந்தியில் ரசம் சாதம் முடிந்ததும் இலையை மூடிவிடுவார். பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு திகைத்து நிற்பார். பெண்ணைப் பெற்றவர் சமையலில் ஏதோ குறை என்று வியர்த்துக்கொண்டு ஓடிவருவார். “குறை ஒண்ணும் இல்லீங்க. எண்பது ஆயிடுச்சு” என்று எழுந்துவிடுவார். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது, “எண்பது சரியாயிடுச்சு” என்று மிச்ச மாத்திரையை எனக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது காய்ச்சலே இல்லை. “வரும்போது போட்டுக்குங்க” என்றார்.

இத்தனையும் எந்த ஊரில் நடக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் மலிவு என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் எல்லை தாண்டி வந்து, டேங்க்கை முட்ட முட்ட நிரப்பிக்கொண்டு போகிற ஊர் இது. அந்த பங்க்குகளின் முன்னால் எண்பது சார் வண்டியை மெதுவாக்குவார். ஹாரன் அடிப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்த பிறகு, பல்லக்கில் போகிறவர் மாதிரி கையை ஆட்டிவிட்டுப் போவார்.

வண்டியை அவர் வாங்கிய கதையும் அப்படித்தான். பள்ளிக்கூட லேபில் முப்பது வருஷம் குடுவை கழுவி ஓய்வு பெற்றவர். மகன் பிரான்ஸில். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மனைவியும் அங்கே போய்விட்டார். ஒருநாள் சும்மா வேடிக்கை பார்க்க ஷோரூமுக்குள் நுழைந்திருக்கிறார். “அடுத்த மாசத்தோட மானியம் குறையுது சார்” என்று விற்பனைக்காரர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வண்டி வாசலில் நின்றது. அதை எங்கே சார்ஜ் போடுவது என்ற யோசனை அதற்கு மறுநாள்தான் வந்தது.

எங்கள் கட்டிடத்தில் நாலு குடித்தனம். கீழே ஓனரம்மா. முதல் மாடியில் இரண்டு நர்ஸ் சகோதரிகள். அவர்களுக்கு ஆஸ்பத்திரி வேன் வரும். இரண்டாவதில் நான். மூன்றாவதில் அவர். லிஃப்ட் கிடையாது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பல்பு உண்டு, பிளக் இல்லை. ஓனரம்மாவிடம் போய்க் கேட்டார்.

“ஒரு வண்டிக்காவ தனி மீட்டர் போட்டு, ஒயர் இழுத்து, செவுத்த இடிக்க என்னால ஆவாதுங்க” என்றார் ஓனரம்மா. “ரெண்டு வண்டி ஆவட்டும். அப்ப போட்டுத் தரேன்.”

அந்த நிமிஷம் என் நிம்மதி போயிற்று. ஓனரம்மாவிடம் வண்டி கிடையாது. நர்ஸ் சகோதரிகளுக்கு வேன். அந்த இரண்டாவது வண்டியை வாங்கக்கூடிய ஒரே ஜீவன், பதினாலு வருஷப் பழைய பைக்கை உதைத்து உதைத்தே ஒரு கால் மட்டும் பலமாகிப்போன நான்தான்.

அவருடைய வண்டியில் பேட்டரியைக் கழற்றலாம். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி, வீட்டு பிளக்கில் மாட்டுவார். பதினோரு கிலோ. சாயங்காலம் ஆறரைக்கு ஏறத் தொடங்குவார். இரண்டாவது மாடி வந்ததும் மூச்சு முட்டும். அங்கே இருப்பது என் கதவு.

டக், டக்.

“தம்பி, கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம். மூச்சு சமநிலைக்கு வர அரை மணி நேரம். அதுவரை பேட்டரி என் வீட்டு வாசலில், ஷூக்களுக்கு நடுவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். அவர் பேசுவார். லித்தியம் பேசுவார். வேக சார்ஜரில் போட்டால் பேட்டரி எப்படிச் சூடாகும் என்று பேசுவார். கடைசியில் அந்த ஒற்றை வாக்கியம் வரும்.

“அடுத்த மாசத்தோட மானியம் குறையுது தம்பி. இப்பவே எடுத்துடுங்க.”

“போன மாசமும் இதையேதான சார் சொன்னீங்க?”

“போன மாசமும் குறைஞ்சுதே! நீங்கதான் பாக்கல.”

என் மனைவி இதற்காகவே ஆறு இருபதுக்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் கதவோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு அந்த வசதியும் இல்லை. ஒருநாள் விளக்கை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியிலிருந்து குரல் வந்தது. “உங்க மீட்டர் ஓடுது தம்பி. ஃபேன் போட்டிருக்கீங்க.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, “வண்டியில ஒரு ரவுண்டு வாங்க, அப்புறம் நீங்களே வாங்குவீங்க” என்று மீன் வாங்க கிளிஞ்சல்மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெயரில்தான் மேடு, எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலங்கள்தான். முதல் பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தினார்.

“இறங்கி நடந்து வாங்க தம்பி. ஏத்தத்துல ரெண்டு பேர் வெயிட்டுன்னா சார்ஜ் கடகடன்னு இறங்கும்.”

இறங்கினேன். என் தொப்பை அப்படி. பாலத்துக்குப் பாலம் இறங்கி நடந்து, ஏறி உட்கார்ந்து, மறுபடி இறங்கி, நான் கிளிஞ்சல்மேடு போய்ச் சேர்ந்ததில் பாதி தூரம் பாதயாத்திரை.

அங்கே கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரைப் பிடித்துக்கொண்டார். டீசல் வாசனை இல்லை, சத்தம் இல்லை, ஃபைபர் படகுக்கும் ஒருநாள் இதுதான் வரும் என்று பொழிந்து தள்ளினார். அந்த மனிதர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டார்:

“நடுக்கடல்ல இருபது பர்சன்ட்டு வந்துச்சுன்னா எங்கங்க சொருவுறது?”

எண்பது சார் பேச்சு நின்று நான் பார்த்தது அன்றுதான். மனசுக்குள் அந்த மீனவருக்கு மாலை போட்டேன்.

ஆனால் அவர் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் இல்லை. ஐஸ் போட்டு வாங்கிய கிழங்கான் மீன் பையைச் சீட்டுக்கு அடியில், பேட்டரியின் மேலேயே வைத்து மூடினார்.

“சார், மீனையா அங்க வைக்கிறீங்க?”

“வெயில்ல பேட்டரிக்குக் கூலிங் தம்பி. ஒரே கல்லுல ரெண்டு வேலை.”

வீடு வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகி, பை கிழிந்து, மீன் தண்ணீர் முழுக்க பேட்டரியின் மேல் இறங்கியிருந்தது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஒரு மாசம் அவர் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால், பின்னாலேயே தெருப் பூனைகள் நாலைந்து வரிசையாக ஏறிவந்தன. அவர் என் வாசலில் பேட்டரியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். பூனைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து நக்கும். நான் அரை மணி நேரம் லித்தியம் கேட்பேன். அந்தக் கூட்டத்தில் களைத்துத் தெரிந்தது நான் ஒருவன்தான்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. நானும் அசையவில்லை. பெட்ரோல் மலிவான ஊரில் என்னை அசைப்பது அவ்வளவு சுலபமா?

ஒருநாள் ஆறரை ஆனது. கதவு தட்டவில்லை. ஆறே முக்கால். சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஏழுக்கு எழுந்து, ஏதோ சாமான் வாங்கப் போகிறவன் மாதிரி பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பேட்டரி. முட்டி வீங்கியிருந்தது.

“என்ன சார், இங்கயே உக்காந்துட்டீங்க?”

“ஒண்ணுமில்ல தம்பி. முட்டி இருபதுக்குக் கீழ போயிடுச்சு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு முகத்தில் பாதி வரைதான் வந்தது. அவர் மடியிலிருந்து பேட்டரியை வாங்கினேன். வாங்கிய வேகத்தில் நானே படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு கிலோ என்பதை இரண்டு வருஷமாகக் காதால் கேட்டிருக்கிறேன். கையால் கேட்டது அன்றுதான். ஒரு தோளில் அவர், ஒரு கையில் பேட்டரி என்று மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தண்ணீர் கேட்டது நான்.

மறுநாளிலிருந்து அவர் வண்டியை நிறுத்துவதோடு சரி, பேட்டரியை நான் தூக்கினேன். எட்டு நாள் தூக்கினேன். ஒன்பதாவது நாள் பழைய பைக்கை ஷோரூமில் தள்ளிவிட்டு, அதே வண்டியை, அதே நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். என் இடுப்புக்காகத்தான் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை. மானியம் அப்போது தேய்ந்து தேய்ந்து, இருக்கும் இடம் தெரியாமல் இருந்தது. எண்பது சார் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். இண்டிகேட்டரைத் தன் துண்டால் துடைத்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டே ஓனரம்மா கதவைத் தட்டினார்.

“ரெண்டு வண்டி ஆயிடுச்சும்மா.”

ஓனரம்மா சொன்ன சொல் மாறவில்லை. இரண்டே வாரத்தில் தனி மீட்டர், இரண்டு பிளக், மழைச்சாரல் படாமல் மேலே ஒரு சின்ன தகரக் கூரை. எண்பது சார் பிளக்கை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்ததால் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஆறரை. படியில் காலடிச் சத்தம். வெறுங்கையோடு, மெதுவாக, கைப்பிடியைப் பிடித்து ஏறுகிற சத்தம். இரண்டாவது மாடி வந்தது. நிற்கவில்லை. மேலே போய்விட்டது. இரண்டு வருஷமாக வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. சொம்பை எடுத்து நானே குடித்தேன்.

மறுநாளும் காலடி நிற்கவில்லை. அதற்கு மறுநாளும். அவருக்கு இப்போது மூச்சு முட்டுவதில்லை, எனவே தட்டக் காரணமும் இல்லை. மனிதர் காரணமில்லாமல் அடுத்தவர் கதவைத் தட்டுகிறவர் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேலே அவர் வீட்டில் டிவிகூட ஓடவில்லை.

ஐந்தாவது நாள் நான் கீழே இறங்கினேன். என் வண்டியின் சீட்டைத் திறந்து, பேட்டரியைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஏறினேன். என் வாசலைத் தாண்டும்போது மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாவது மாடி போய், பித்தளைத் தகடு இருக்கும் கதவைத் தட்டினேன்.

“சார், கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார்.

“என்ன தம்பி, இத ஏன் தூக்கிட்டு வர்றீங்க?”

“கீழ பிளக்ல கரன்ட் இல்ல சார்.”

அவர் பேட்டரியை வாங்கி வாசலோரம் வைத்தார். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு நாற்காலியும் கொண்டுவந்தார்.

“உக்காருங்க. மூச்சு சரியாவ அரை மணி நேரமாவது ஆவும்” என்றார்.

கீழே அவருடைய வண்டி அப்போது அதே பிளக்கில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.