மாமியார் கையால் கஞ்சி

வறுத்த மீன் மேசையில் மணத்தது. மூத்த மாப்பிள்ளையான எலக்ட்ரீஷியனுக்கு ஒரு துண்டுகூட உள்ளே இறங்கவில்லை. எதிரே இளைய மாப்பிள்ளையான தையல்காரருக்கு மாமியார் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமனார் எதையும் கண்டுகொள்ளாமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

தையல்காரருக்குக் குடல் புண்ணாம். அவர் ஓர் ஏப்பம் விட்டால் போதும், டிவி அணையும், முதுகுக்குத் தலையணை வரும். மாமியார் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. ஆனால் எலக்ட்ரீஷியன் ஷாக் அடித்து விழுந்தபோது மட்டும், பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று கேட்டதோடு சரி. மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, இந்த ஏப்பக்காரனுக்கா இவ்வளவு உபசாரம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கும் நெஞ்சு கரிக்குது அத்தை" என்றார்.

மீன் தட்டு போனது, கஞ்சி வந்தது. தலையணையும் வந்தது. சகலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியன் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டார்.

மறுநாளே உப்பில்லாக் கஞ்சி அலுத்துவிட்டது. கரிப்பு போய்விட்டது, இனி லேசான வாயுதான் என்று சொல்லிப் பார்த்தார். டீ, வெங்காயம், பருப்பு எல்லாம் நின்றன. வாயுவும் இல்லை என்றார். அப்படியானால் காலையில் வயிறு சரியாகப் போனதா என்று மாமியார் கேட்டார். வெறும் கஞ்சி குடித்தவருக்கு எங்கே போகும்? போகவில்லை என்ற உண்மையைச் சொல்லித் தொலைத்தார். பேதி மருந்து வந்தது.

அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். இப்படியே போனால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்று மாமியார் டாக்டருக்கு போன் செய்துகொண்டிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டதை யாரிடம் சொல்லி அழுவது?

சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தவர் மேசையைப் பார்த்தார். தையல்காரர் முழு மீனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியனுக்குப் பழைய பொறாமையே தேவலை என்று ஆகிவிட்டது.

வெந்நீர் டம்ளரோடு மாமனார் வந்தார்.

"அவருக்கு எப்படி மாமா திடீர்னு புண் ஆறிச்சு?"

மாமனார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த ஆள் கிடைச்சா ஆறிடும் மாப்பிள்ளை. அவர் இந்த வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்குத்தான் குடல் புண்."