மேசைக்கு அடியில் பூனை

செந்தமிழ் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, கல்யாணத் தரகர் சவரியம்மாள் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அதுவே எரிச்சலாக இருந்தது. போதாததற்கு டிவி மேல் ஒரு போட்டோவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கோட்டு போட்ட ஒருவன், வியர்த்துப்போய், யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளிய மாதிரி நின்றான்.

"பேரு ராஜ்கமல், பாண்டிச்சேரி. பிரெஞ்சு நேஷனாலிட்டி. தாத்தா பிரெஞ்சு மிலிட்டரில இருந்தவரு" என்றாள் சவரியம்மாள்.

"அதுக்கு நான் என்னா பண்ணணும்?"

"நீதான் பிரெஞ்சு படிக்கிறியாமே கண்ணு."

மரக்காணத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்தால் மெட்ராஸில் வேலைக்குப் போகிறான் என்பார்கள். அரபி படித்தால் துபாய்க்குப் போகிறான் என்பார்கள். ஒரு பெண் பிரெஞ்சு படித்தால் மட்டும், பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற மாப்பிள்ளை தேடுகிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். புதுச்சேரி பக்கத்தில் இருக்கிற பாவத்துக்கு இந்தத் தண்டனை.

உண்மையான காரணம் பஸ். 2005 ஜூலையில் செந்தமிழ் புதுச்சேரி யுனிவர்சிட்டியில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்தாள். வேறு துறையில் ஏதாவது ஒரு பாடம் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது யுனிவர்சிட்டி விதி. விளக்கு வைப்பதற்குள் மகள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவளுடைய அப்பா தேசப்பன் விதி. இரண்டு விதிக்கும், சாயங்கால பஸ்ஸுக்கும் ஒத்துவந்த வகுப்பு, ஒன்றும் தெரியாதவர்களுக்கான ஆரம்பநிலை பிரெஞ்சு ஒன்றுதான். செந்தமிழ் பிரெஞ்சு படிக்கிறதா என்று வகுப்பில் ஆளாளுக்குக் கேட்டுச் சிரித்ததையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள்.

இதை அப்படியே சொன்னாள். பெண்ணுக்கு வெட்கம் என்று சவரியம்மாள் சிரித்தாள். அம்மா சின்னப்பாப்பாவும் சிரித்தாள். உப்பளத்திலிருந்து வந்த தேசப்பன், காலில் ஒட்டிய உப்பைக் கூடக் கழுவாமல் போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எடம் அமைஞ்சா, இந்த வருஷத்தோட படிப்ப நிறுத்திக்கலாம்" என்றார். "பிரான்சுல போயி கெமிஸ்ட்ரியா கரைக்கப் போறே?"

செந்தமிழுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அந்த சீட்டுக்காக ராப்பகலாகப் படித்தவள் அவள். அப்பா அதை அளத்தில் மடை அடைக்கிற மாதிரி ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் பிரெஞ்சுதானே, அதை ஒழித்துக்கட்டினால் மாப்பிள்ளையும் ஒழிவான் என்று கணக்குப் போட்டாள்.

மறுநாளே பிரெஞ்சுத் துறைத் தலைவியிடம் போய், பாடம் தலையில் ஏறவில்லை, விலகிக்கொள்கிறேன் என்றாள். அந்த அம்மாள் நல்லவர். நல்லவர்களால் வருகிற தொல்லைக்கு மருந்தே கிடையாது. உப்பளத்துப் பெண் தாழ்வு மனப்பான்மையில் பேசுகிறாள் என்று மனம் உருகி, அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். உங்கள் மகளுக்கு நல்ல திறமை இருக்கிறது, எந்தக் காரணம் கொண்டும் பிரெஞ்சை விடச் சொல்லாதீர்கள் என்றார்.

தேசப்பன் அந்தப் போனைப் பற்றி டீக்கடையில் சொன்னார், லாரி ஆபீசில் சொன்னார், உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களை நிறுத்திவைத்தும் சொன்னார். பிரான்ஸ் கவர்மெண்டே கூப்பிட்டதாகப் பிரம்மதேசம் கிராமம் வரை செய்தி போய்விட்டது. அங்கிருந்து சித்தி ஒருத்தி, பாரீஸிலிருந்து தனக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

செந்தமிழ் அடுத்த வழியைப் பிடித்தாள். முதல் டெஸ்டில் பேரை மட்டும் எழுதி வெறும் பேப்பரைக் கொடுத்தாள். முட்டை வந்தது. வாழ்நாளில் முட்டையே வாங்காதவள், அதை மடிக்காமல் கொண்டுவந்து சவரியம்மாள் கண்ணெதிரே விரித்துக் காட்டினாள்.

சவரியம்மாள் முகம் நிஜமாகவே வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, மார்க்குதான் முக்கியம்னு மாப்பிள்ளையோட அம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே" என்று முனகிக்கொண்டே பஸ் ஏறினாள்.

தொலைந்தது என்று செந்தமிழ் நிம்மதியாகத் தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டியூஷன் வாத்தியார் புதுச்சேரியிலிருந்து வந்து இறங்கினார். ஃபீஸை மாப்பிள்ளை வீட்டிலேயே கட்டிவிட்டார்களாம்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே செலவு பண்றாங்க பாரு" என்று தேசப்பன் நெகிழ்ந்துபோனார். நகை எவ்வளவு, அளம் எத்தனை பாத்தி என்று ஒரு கேள்வி கேட்காத சம்பந்தி, பெண்ணின் மார்க்கைக் கேட்கிறார்களே, எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று சின்னப்பாப்பாவுக்குக் கண் கலங்கியது.

வாத்தியார் லேசுப்பட்டவர் இல்லை. முதல் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் வரை எழுந்திருக்க விடமாட்டார். வாரா வாரம் அதே பாடம். என் பெயர் செந்தமிழ். இது மேசை. பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது. வேண்டாத பாஷை நாக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அளத்து வரப்பில் நடக்கும்போதும் அந்தப் பூனை வந்தது, லேபில் அமிலம் ஊற்றும்போதும் வந்தது. பூனை மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களுக்கு ஓலை போர்த்துகிற அவசரத்தில், பெண் பார்க்க வந்தார்கள். தேசப்பன் அந்த வேலையையும் விட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் நின்றார். ராஜ்கமல் அதே கோட்டில் வந்திருந்தான். மரக்காணம் வெயிலில் கோட்டு. பஜ்ஜியைப் பார்த்தானே தவிர, யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவனுடைய அம்மா பாப்பாத்தி அதிகாரமான பெண்மணி. சமையல் தெரியுமா, பாட்டுத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துப் பழக்கம் இருக்குதாம்மா? பொறுமை உண்டா?"

"கல்லுக்குக் கூடச் சொல்லிக் குடுப்பா" என்று தேசப்பன் முந்திக்கொண்டார். "அவளுக்குக் கோபமே வராதுங்க."

செந்தமிழ் தட்டை டொக்கென்று வைத்தாள்.

பாப்பாத்தி சிரித்த முகத்தோடு, "பிரெஞ்சுல நாலு வார்த்த பேசு, கேப்போம். அடுத்த மாசமே முகூர்த்தத்த வச்சுக்கலாம்" என்றாள்.

அடுத்த மாதம். அதாவது முதல் செமஸ்டர் பரீட்சைக்குக் கூட விடமாட்டார்கள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த ஆத்திரத்தை அங்கேயே கொட்டித் தீர்க்க வேண்டும். தமிழில் திட்டினால் அப்பாவின் மானம் போகும். கையிலிருந்த வேறு பாஷை அந்த ஒரு பாடம்தான். நிமிர்ந்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள். தண்ணி லாரிக்குச் சண்டை போடுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"ஜெ மப்பெல் செந்தமிழ்" என்று பாப்பாத்தியைப் பார்த்துக் கத்தினாள். "லெ ஷா எ சூ லா தாப்ல" என்று சவரியம்மாள் பக்கம் விரலை நீட்டினாள். அப்பாவிடம் திரும்பி, அதே பூனையை அதே மேசைக்கு அடியில் இன்னும் பலமாகப் போட்டாள்.

சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். பாப்பாத்தி மூச்சு வாங்க எழுந்து நின்றாள். "எங்க பரம்பரையில யாரும் இப்படி ஒரு பேச்சு வாங்கினதில்ல" என்றாள். தேசப்பன், இந்தக் கழுதையை இன்றோடு யுனிவர்சிட்டி வாசலை மிதிக்க விடமாட்டேன் என்று கையை ஓங்கினார். செந்தமிழ் நகரவில்லை. மாப்பிள்ளை போனால் போதும் என்று செய்தது, படிப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போகப் பார்க்கிறதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் ராஜ்கமல் வாயிலிருந்த பஜ்ஜியை விழுங்கிவிட்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"அவங்க திட்டலம்மா, பூனை மேசைக்கு அடியில இருக்குதுன்னு சொல்றாங்க, ரெண்டு வருஷமா பிரெஞ்சு டெஸ்டுல நான் ஃபெயிலாகிற அதே மொதப் பாடம்" என்றவன், தேசப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க சார், எனக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும்னுதான் எங்கம்மா பொண்ணே பாக்குறாங்க."