வரப்பில் வைத்த ஜாஸ் பாட்டு

ஒப்பீட்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். அதற்குப் பாட்டைப் பாட்டாகக் கேட்கத் தெரியாது. நீங்கள் "ஆகா" என்று வாயைத் திறந்தால் போதும், "இதுக்கே ஆகாவா? இதையே இன்னொருத்தர் பாடியிருக்காரு, கேட்டீங்களா?" என்று பிடித்துக்கொள்ளும்.

திருவிடைமருதூர்ப் பக்கத்து ராஜராஜன் அதில் சுத்த அசல். சிங்கப்பூர் ஓட்டல் வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள். இவர் ஒரு பழைய ஜாஸ் பாட்டைக் கொண்டுவந்தார். மழையில் காதலுக்காகக் காத்திருக்கிற பாட்டு. பாட்டு ஒன்றுதான், பாடியவர்கள்தான் ஏகப்பட்ட பேர். ஒருத்தி அழுதுகொண்டே காத்திருப்பாள், ஒருத்தி வந்தால் வா வராட்டிப் போ என்று துள்ளிக்கொண்டு காத்திருப்பாள், ஒரு குண்டு மனிதர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்.

ஒருநாள் அவர் வயலில் நடவு. பறித்த நாற்று கட்டுக்கட்டாக வரப்பில் கிடக்கிறது. வாய்க்காலில் இவர் முறைத் தண்ணீர் சாயங்காலத்தோடு சரி. அதற்குள் நட்டால்தான் உண்டு. நடவுக்காரப் பெண்களோ பாட்டுக்குக் கை ஓட்டுகிறவர்கள். கை ஓடட்டுமே என்று ராஜராஜன் வரப்பில் ஸ்பீக்கரை வைத்தார். சனி வேறெப்படி வரும்?

அழுகிறவள் பாடினாள், கைகளும் அழுதுகொண்டே நகர்ந்தன. துள்ளுகிறவள் பாடினாள், நடவு வரிசை பாம்பாய் நெளிந்தது. அத்தோடு விட்டாரா? அடிக்கு அடி நிறுத்தி, "இந்த இடத்துல மூச்சு விட்டாங்க பாருங்க, அவங்க விடலையே!" என்றார். பாட்டு நின்றால் கையும் நிற்கும். நின்றது.

"தம்பி, நாத்து வாடுது," என்றார் நடவுக்கு முன்னால் நிற்கும் அம்சவல்லி.

"இன்னும் ஒருத்தர்தான்க்கா."

கேட்டுக் கேட்டு, பாவம், அம்சவல்லிக்கும் தொற்றிவிட்டது. "என்ன இருந்தாலும் அந்தக் குண்டு ஐயா மாதிரி வராது," என்றார். பக்கத்தில் நட்ட செந்தாமரை சேற்றுக்கையோடு நிமிர்ந்தாள்: "போங்கக்கா! அழுவுற அம்மாகிட்ட அவரு நிக்க முடியுமா?" அவ்வளவுதான், வயல் இரண்டு கட்சியானது.

பொழுது சாய டீயோடு வந்த மனைவி வள்ளியம்மை, முக்கால் வயல் வெறும் சேறாகக் கிடப்பதைப் பார்த்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். "குடியக் கெடுத்தீங்களே! தண்ணியும் நின்னு போச்சு, நாத்தும் வாடிப்போச்சுங்க!"

ராஜராஜன் ஒரு நாற்றுக்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருஷம் பக்கத்துல நடராசன் வயல்ல வாடுச்சே வள்ளி, அதுல ஒரு ஏக்கம் இருந்துச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்த ஆளைப் பற்றி வேறொருவர் எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது ஒரு நொடி தோன்றியதே உங்களுக்கு? வாருங்கள், ராஜராஜனை வரப்பில் உங்களுக்கும் இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறேன்.